புண்ணுக்கு மருந்து கண்ட சுப்பாராவ்

பல்லாவரம், பம்மல், நாகல்கேணி ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலில் உழைத்த நம் முன்னோரின் கைகளைக் கண்டோர் இன்றும் நம்மிடையே உளர். குரோமிய உப்புக் கரைத்த நீரில் நாள் முழுதும் கை நனைத்தோருக்கு, நகத்தின் ஓரத்திலும் விரல் மூட்டின் மேலும் ஆணி கொண்டு துளைத்தாற்போன்ற வட்டப் புண்கள் தோன்றும். அவை அவ்வளவாக வலிப்பதில்லை. வலிக்காத காரணத்தால் எவரும் பொருட்படுத்துவதும் இல்லை. ஆறுவதற்கோ பல வாரங்கள் பிடிக்கும். குரோம் தோல் கம்பெனியின் பெயரையே தன் பெயராகப் பெற்ற குரோம்பேட்டைப் பக்கத்துத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இப்புண் புதிதன்று. திரிசூலத்துக் கல் குவாரிகளில் சில்லு தெறித்துப் பட்ட காயம், ஏரிப் பாசன வயல்களில் நின்றோருக்குக் கண்ட சேற்றுப்புண், சாக்கடையில் இறங்கியோரின் காலைக் கண்ணாடித் துண்டு கிழித்த கிழிசல் என்று, உழைப்போர் உடம்பில் ஏதேனும் ஒரு வாயில் எப்பொழுதும் திறந்தே இருந்தது.

தோல் உடலின் மதில். மதில் இடிந்த இடத்தில் பகைவர் புகுவது போல், தோல் கிழிந்த இடத்தில் கிருமிகள் புகுகின்றன. சீழ் பிடிக்கச் செய்யும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா நம்மில் பலருடைய மூக்கிலும் தோலின் மீதும் குடியிருப்பதே. மதிலுக்கு வெளியே உள்ள வரை அதனால் தீங்கு மிகுதி இல்லை. புண்ணின் வழியே உட்புகுந்து இரத்தத்தில் கலந்துவிட்டால் காய்ச்சலும் நடுக்கமும் கண்டு, உயிருக்கே இறுதி நேரும். 1940-க்கு முன்னர், சிறு காயம் பட்டுக் கால் வீங்கி, அக்காலை வெட்டி எடுத்தும் பிழைக்காது போனவர் உலகெங்கும் எண்ணற்றோர். கிருமிக்கு ஏழை பணக்காரர் என்ற வேறுபாடு இல்லை என்று மேடைகளில் கூறுவர். அது முழு உண்மை அன்று. செருப்பில்லாத காலும் உறையில்லாத கையுமே அதற்கு முதலில் அகப்படுகின்றன.

இந்நிலையை மாற்றிய அறிஞருள் ஒருவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ் என்பது அவர் பெயர். அவர் நம் சமுதாயத்தில் பிறந்தவர் அல்லர். தெலுங்குப் பிராமணக் குடும்பத்தினர். எனினும் இம்மலரில் அவர் வரலாற்றை எழுதுவதற்குக் காரணம் உண்டு. அது போகப் போக விளங்கும்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணிபுரிந்து, உடல்நலக் குறைவால் உரிய காலத்திற்கு முன்னரே ஓய்வு பெற்றவர். ஏழு பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்தில் வறுமை விரைவில் குடிபுகுந்தது. பதின்மூன்றாம் வயதில் சுப்பாராவ் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்பது அவர் எண்ணம். தாயார் வெங்கம்மா விடவில்லை. மகனை மீட்டு வந்து மீண்டும் பள்ளியில் அமர்த்தினார். தந்தை மறைந்த பின்னரும் நகைகளை விற்றுப் படிக்க வைத்தார். மகனோ மெட்ரிகுலேஷன் தேர்வில் ஒரு முறை அன்று, இரு முறை தோற்றார். மூன்றாம் முறை சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பின்னரே தேறினார். ஒரு தேர்வில் தோற்ற பிள்ளையை அன்றே வேலைக்கு அனுப்பிவிடும் பெற்றோர் நம்மிடையே இன்றும் உளர். வெங்கம்மாவைப் போன்ற தாய்மார் கழகத்தின் எத்தனைத் திட்டங்களுக்கும் ஈடாவர்.

மாநிலக் கல்லூரியில் பயிலும் பொழுது இராமகிருஷ்ண மடத்தின் பால் அவர் உள்ளம் சென்றது. துறவியாக விரும்பினார், தாயார் இசையவில்லை. மடத்துப் பெரியோர் மருத்துவம் பயிலுமாறு வழி காட்டினர். நண்பர்களும், பின்னர் மாமனாராக அமைந்த கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தியும் பொருளுதவி செய்ய, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919-இல் சேஷகிரி என்னும் நங்கையை மணந்தார்.

அது காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்குமாறு நாட்டை அழைத்த காலம். சுப்பாராவ் அறுவை அறைக்கும் கதர் அங்கி அணிந்து சென்றார். அறுவைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. மற்றப் பாடங்களில் நன்கு எழுதியிருந்தும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கு முயன்றும் இடம் கிடைக்கவில்லை. ஒருவன் அணிந்த உடையைக் கொண்டு அவன் அறிவை அளப்பது எத்தகையது என்பதை நம்மவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கிடையில் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. உணவைச் செரிக்க விடாது உடலை உருக்கும் ஸ்ப்ரூ என்னும் நோய்க்கு அவர் உடன்பிறந்தார் இருவர் சில நாள் இடைவெளியில் இரையாயினர். சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி ஆயுர்வேத மருந்தளித்து அவரைக் காப்பாற்றினார். பின்னர் அப்பெரியாரின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே சுப்பாராவ் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார். சித்தமும் ஆயுர்வேதமும் மூடத்தனம் என்றோ, மேனாட்டு மருத்துவம் அந்நியம் என்றோ அவர் ஒதுக்கவில்லை. நோய் தீர்ப்பது எதுவோ அதன் உட்பொருளைக் காண வேண்டும் என்னும் வேட்கையே அவரைக் கடல் கடக்கச் செய்தது.

1922 அக்டோபர் 26-இல் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இறங்கினார். அப்பொழுது மனைவி கருவுற்றிருந்தார். பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். தந்தை அவன் முகத்தைக் கண்டதில்லை. மனைவியையும் அவர் மீண்டும் கண்டதில்லை. மூன்றாண்டில் திரும்புவதாகச் சென்றவர் இருபத்தாறு ஆண்டுகள் திரும்பவே இல்லை. அறிவியலுக்காக அவர் செய்த தியாகம் என்று இதனைப் பாராட்டி எழுதுவோர் உளர். அந்தத் தியாகத்தின் பெரும் பங்கைச் செய்தவர் காக்கிநாடாப் பக்கத்தில் காத்திருந்த அந்த அம்மையாரே என்பது எம் கருத்து.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. அப்பள்ளித் தலைவர் ரிச்சர்டு ஸ்ட்ராங் கைகொடுத்தார். ஆயினும் அன்றாடச் செலவுக்கு வழி வேண்டுமே! மருத்துவம் படித்த அந்த இளைஞர் பாஸ்டன் மருத்துவமனையொன்றில் இரவு நேர ஏவலாளராக அமர்ந்து, நோயாளிகளின் மலச்சட்டிகளை எடுத்துக் கழுவினார். அதனை இழிவென அவர் எண்ணியதாகத் தெரியவில்லை. இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். அதே பணியைத் தலைமுறை தலைமுறையாக நம்மவர் தலையில் ஏற்றி வைத்தது இந்நாடு. சுப்பாராவ் இரவில் மலச்சட்டி கழுவினார். பொழுது விடிந்ததும் அவருக்கு வகுப்பறை திறந்திருந்தது. நம் பாட்டனார்களுக்கு விடிந்த பின்னரும் அக்கதவு சாத்தியே கிடந்தது. தொழில் எவரையும் தாழ்த்துவதில்லை. கதவைச் சாத்துவதே தாழ்த்துகிறது.

பட்டயம் பெற்ற பின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து ஆய்வு தொடங்கினார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவைக் கணிக்க அவ்விருவரும் 1925-இல் வெளியிட்ட முறை, ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயரிலேயே உயிர்வேதியியல் மாணவர்க்குக் கற்பிக்கப்படுகிறது. தசை இயங்குவதற்கு ஆற்றல் தரும் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளை 1927-இலும், உயிர்கள் அனைத்திற்கும் ஆற்றல் நாணயமாக விளங்கும் ஏ.டி.பி. என்னும் பொருளை 1929-இலும் அவர்கள் கண்டு வெளியிட்டனர். பின்னதை ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பாரும் அதே காலத்தில் தனியே கண்டார். இத்தனை செய்தும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி தரவில்லை. 1940-இல் அங்கிருந்து விலகி, நியூயார்க் மாநிலத்துப் பெர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, அதன் ஆராய்ச்சி இயக்குநரானார்.

லெடர்லியில் அவர் வழிநடத்திய பணிகளை விரித்தால் இம்மலரே போதாது. தம் உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு மருந்தாகிய ஃபோலிக் அமிலத்தை அவருடைய குழுவினர் 1945-இல் செயற்கையாக உருவாக்கினர். அவ்வமிலத்தை எதிர்க்கும் பொருள்களையும் செய்தனர். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தணிக்க அவற்றுள் ஒன்றைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் பயன்படுத்தினார். 1947-இல் யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசான் வந்தது. இதனைப் பற்றிப் பின்னர் ஒரு வார்த்தை உண்டு. நம் தலைப்புக்கு உரியது ஆரியோமைசின்.

அன்று உலகம் பென்சிலினைக் கொண்டாடிக் கொண்டிருந்தது. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928-இல் கண்ட அம்மருந்து, இரண்டாம் உலகப் போரில் காயம் பட்ட படைவீரர்களை மரணத்தின் வாயினின்றும் மீட்டது. ஆனால் கிருமிகள் வாளாவிருக்கவில்லை. இலண்டன் மருத்துவமனை ஒன்றில் மேரி பார்பர் என்னும் அம்மையார் சீழ்ப்புண் கிருமிகளை ஆண்டுதோறும் சோதித்தார். 1946-இல் அவற்றுள் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு பென்சிலினுக்கு அடங்காதவை. 1948-இல் பாதிக்கு மேற்பட்டவை அடங்காதவை. இரண்டே ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது! மருந்துக்கு இறந்தவை இறக்க, இறவாது எஞ்சிய சிலவே பெருகி வார்டு முழுதும் பரவின. மேலும் பென்சிலின் எல்லாக் கிருமிகளையும் வெல்ல வல்லதன்று. பெரும்பாலும் ஊசி வழியே செலுத்தப்பட வேண்டியதாயும் இருந்தது. பல கிருமிகளை அடக்க வல்லதும், விழுங்கத் தக்கதுமான ஒரு மருந்து வேண்டும் என்று சுப்பாராவ் கருதினார்.

அத்தேட்டத்துக்கு அவர் துணை கொண்டவர் எழுபது வயது கடந்த பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியல் பேராசிரியர். பல்கலைக்கழகம் ஓய்வு கொடுத்து அனுப்பிய முதியவரை லெடர்லி ஏற்றுக்கொண்டது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று வெல்லத் தமக்குள் நஞ்சு சுரக்கின்றன. அந்நஞ்சே நமக்கு மருந்து. ஆகவே பல ஊர்களினின்றும் மண் வரவழைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான மாதிரிகள் சோதிக்கப்பட்டன. மிசூரிப் பல்கலைக்கழகத்துப் பயிர்ச் சோதனை நிலத்தில் எடுத்த ஒரு பிடி மண்ணில், பொன் நிறப் பொருளைச் சுரக்கும் ஓர் உயிர் 1945-இல் அகப்பட்டது. பொன்னைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதன் மருந்துக்கு ஆரியோமைசின் என்று பெயரிட்டனர். கண்டவர் டக்கரா, சுப்பாராவா என்று வழக்காடுவோர் உளர். நுண்ணுயிரைக் கண்டவர் டக்கர். அத்தேட்டத்தைத் தொடங்கி, ஆளும் பொருளும் தந்து, மருந்தாக்கி முடித்த குழுவின் தலைவர் சுப்பாராவ். இருவர் புகழையும் குறைக்க வேண்டியதில்லை.

புதிய மருந்தை முதன்முதல் மனிதருக்குக் கொடுத்துச் சோதிப்பது யார்? இந்த இடத்தில் தான் நம் இளைஞர்கள் அறிய வேண்டிய மற்றொரு பெயர் வருகிறது. அவர் நியூயார்க் ஹார்லெம் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் லூயிஸ் ரைட். 1891-இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த கறுப்பர். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் அவர் மாணவராக இருந்த பொழுது, வெள்ளைப் பெண்களின் மகப்பேற்றில் கறுப்பு மாணவர் பயிற்சி பெறக் கூடாது என்று தடுத்தனர். ஏனைய மாணவர் பெறும் பயிற்சி தமக்கும் உரியது என்று அவர் வாதாடி நின்றார், தடை நீங்கிற்று. கறுப்பரை இழித்துக் காட்டிய திரைப்படம் ஒன்று பாஸ்டனுக்கு வந்த பொழுது, மூன்று வாரம் வகுப்பை விட்டு வெளியேறி மறியலில் நின்றார். அவ்வாறு நின்றும் 1915-இல் வகுப்பில் நான்காம் இடம் பெற்றுத் தேறினார். கிளர்ச்சியில் ஈடுபட்டால் படிப்புக் கெடும் என்போரும், படிப்புக்காகக் கிளர்ச்சியைத் துறக்க வேண்டும் என்போரும் இவரைக் காண்க. 1919-இல் ஹார்லெம் மருத்துவமனை அவரைப் பணியில் சேர்த்தது. ஒரு கறுப்பருடன் பணிபுரிய மாட்டோம் என்று வெள்ளை மருத்துவர் சிலர் விலகினர். அவர்கள் விலகியதால் மருத்துவமனை மூடப்படவில்லை. பிற்காலத்தில் கறுப்பர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் நிர்வாகக் குழுத் தலைவராகவும் 1934 முதல் 1952-இல் தாம் இறக்கும் வரை அவர் விளங்கினார்.

லெடர்லியின் பொன் நிற மருந்து இந்த ரைட்டிடம் சென்றது. தொடையிடுக்கில் கட்டி உடைந்து ஆறாப் புண்ணாகும் ஒரு பால்வினை நோயால் துன்புற்ற ஏழைகள் பலர் அவர் மருத்துவமனையில் இருந்தனர். வெட்கத்தால் வெளியில் சொல்லாமல் உள்ளுக்குள் அழுகும் நோய் அது. பென்சிலினுக்கு அது நன்கு அடங்கவில்லை. ஆரியோமைசின் கொடுத்த பின் புண்கள் வற்றின. ரைட்டும் அவர் குழுவினரும் 1948-இல் அதனை வெளியிட்டனர். ஆங்கில அரசின் கீழ்க் கதர் அணிந்து பட்டம் இழந்த ஒருவர் வழிநடத்திச் செய்த மருந்தை, நிறத்தால் ஒதுக்கப்பட்ட ஒருவர் தம் போன்ற மக்களின் புண்ணில் முதலில் சோதித்து உலகுக்கு அறிவித்தார். இதனை நினைக்குந்தோறும் எமக்கு நெஞ்சு நிமிர்கிறது.

1948 சூலையில் நியூயார்க்கில் அறிஞர் அவையில் ஆரியோமைசின் அறிமுகம் செய்யப்பட்டது. அடுத்த மாதம், ஆகஸ்டுத் திங்களில், சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். வயது 53. அமெரிக்கக் குடியுரிமையும் அவர் பெற்றிருக்கவில்லை.

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் இனிமையாக இருந்திருக்கும். அவர் மறைந்த சில மாதங்களில் அதே லெடர்லியில், ஆரியோமைசின் செய்த பின் எஞ்சிய சக்கையைக் கோழிக் குஞ்சுகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்தனர். குஞ்சுகள் வேகமாகப் பெருத்தன. 1950-இல் செய்தி வெளியாயிற்று. நோயற்ற கோழிக்கும் பன்றிக்கும், எடை கூடுவதற்காக மட்டும், மருந்தைச் சிறு சிறு அளவில் நாள்தோறும் ஊட்டும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று. மருந்தைக் குறைந்த அளவில் நெடுநாள் கொடுப்பது கிருமிக்குப் பயிற்சிக் கூடம் அமைத்துக் கொடுப்பதற்கு ஒப்பாகும். 1976-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டூவர்ட் லெவி, ஒரு பண்ணையில் கோழிகளுக்கு அவ்வினத்து மருந்து கலந்த தீவனம் கொடுத்து ஆய்ந்த முடிவை வெளியிட்டார். சில நாட்களில் கோழிகளின் குடலிலும், சில மாதங்களில் அம்மருந்தைத் தொட்டும் உண்டிராத பண்ணைக் குடும்பத்தாரின் குடலிலும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகியிருந்தன!

அவை அடங்காமைக்குக் காரணம் என்ன? இம்மருந்து கிருமியின் உடலுட் புகுந்து, அது புரதம் செய்யும் பட்டறையை நிறுத்துகிறது. பட்டறை நின்ற கிருமி பெருக இயலாது. நம் உடலின் காவற்படை அதனை எளிதில் ஒழிக்கும். அடங்காத கிருமியோ தன் மதிற்சுவரில் ஓர் இறைப்பானைப் பொருத்திக் கொள்கிறது. மழை வெள்ளம் புகுந்த வீட்டில் மோட்டார் வைத்து நீரை வெளியே இறைப்பது போல, உட்புகும் மருந்தை அவ்வப்பொழுதே வெளியே தள்ளிவிடுகிறது. இதனை லெவியின் குழுவினர் 1980-இல் கண்டனர். இதனினும் வியப்பானது ஒன்று. அவ்விறைப்பானைச் செய்யும் குறிப்பை ஒரு கிருமி தன் வழித்தோன்றலுக்கு மட்டுமன்றி, அண்டையிலுள்ள வேற்றினக் கிருமிக்கும் கொடுக்க வல்லது. சீதபேதிக் கிருமிகளில் இந்தக் கொடுக்கல் வாங்கலை ஜப்பானிய அறிஞர்கள் 1950-களின் இறுதியிலேயே கண்டு கூறினர். கிருமிகளுக்குள் தீண்டாமை இல்லை; தாம் கற்றதை எவருக்கும் மறைப்பதும் இல்லை.

நம் தாம்பரத்தில் இதற்கு ஒரு சான்று உண்டு. டாக்டர் சௌரிமுத்து 1928-இல் நிறுவி, 1937-இல் அரசின் பொறுப்புக்கு வந்த காசநோய் மருத்துவமனையால் சானடோரியம் என்பது ஓர் ஊர்ப்பெயராகவும் இரயில் நிலையத்தின் பெயராகவும் நிலைத்தது. தூய காற்றும், ஓய்வும், நல்லுணவுமே அன்று காசத்துக்கு மருந்து. பின்னர் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. அதனைத் தனியே கொடுத்தால் சில மாதங்களில் கிருமி அடங்காது போகிறது என்பதைப் பிரிட்டன் நாட்டுச் சோதனை 1948-இலேயே காட்டிற்று. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துப் பல மாதங்கள் உண்ண வேண்டும் என்ற விதி அதனால் வந்தது. இருமல் நின்றவுடன் மாத்திரையையும் நிறுத்திவிட்டு வேலைக்குத் திரும்பியோர் பலர். கூலி இழக்க இயலாதவரைக் குறை கூறி என் செய்வது? ஆனால் அவர் உடலில் எஞ்சிய கிருமி வலிமை பெற்று, அதே குடிசையில் உறங்கும் பிள்ளையைப் பற்றும் பொழுது, முதல் மருந்து அப்பிள்ளைக்குப் பயன்படாது.

2010-இல் உலகை உலுக்கிய செய்தியும் தென்சென்னைப் பகுதியினின்றே எழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்து ஆய்வாளரும் பிரிட்டன் ஆய்வாளரும் சேர்ந்து, ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் வெல்லும் என்.டி.எம்.-1 என்னும் நொதியை உடைய கிருமிகளைப் பற்றி எழுதினர். சென்னையில் கிடைத்தவை மட்டும் 44. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சி நின்ற மருந்துகள் இரண்டே. ஒன்று கொலிஸ்டின், நம் நாட்டில் அதனையும் கோழித் தீவனத்தில் கலந்து வந்தனர், 2019-இல் தான் அரசு தடை செய்தது. மற்றொன்று டைகெசைக்ளின். அது ஆரியோமைசின் வழிவந்த கொள்ளுப்பேரன். அதே பெர்ல் ரிவர் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. சுப்பாராவ் நட்ட மரத்தின் கடைசிக் கிளை ஒன்றில் தான் அந்நோயாளிகள் தொங்கிக் கொண்டிருந்தனர்.

அம்மரத்தின் வேறொரு கிளை டாக்சிசைக்ளின். 2015 திசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் மூழ்கடித்ததை இளைஞர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய வெள்ளத்தில் எலியின் சிறுநீர் கலந்த நீரில் நடப்போரின் கால் வெடிப்பின் வழியே எலிக்காய்ச்சல் கிருமி உட்புகும். டாக்சிசைக்ளின் இன்றும் அதனை வெல்கிறது. நாளையும் வெல்ல வேண்டுமாயின், நாம் அதனைச் சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் வீணாக்கலாகாது. சளியைத் தருவது வைரஸ்; எந்த நுண்ணுயிர்க் கொல்லியும் அதனைத் தொடாது. நம் குடியிருப்புகளில் காப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியைப் புண்ணில் தூவும் பழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. அப்பொடி புண்ணின் அடியிலுள்ள கிருமிக்கு எட்டாது; மேலே உள்ள கிருமிக்குப் பயிற்சி கொடுக்கும். காயம் பட்டவுடன் ஓடும் நீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவித் தூய துணியால் மூடுவதும், அழுக்கு இரும்போ கண்ணாடியோ கிழித்தால் தனுர்வாத ஊசி போட்டுக் கொள்வதும் முதற் கடமை. சிவந்து, வீங்கி, காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சர்க்கரை நோயாளரின் காற்புண்ணுக்கு அதுவரையும் பொறுத்திருத்தல் ஆகாது. மருந்துப் பட்டையில் சிவப்புக் கோடு கண்டால், அது மருத்துவர் சீட்டின்றி வாங்கத் தகாதது என்று பொருள். அண்டை வீட்டாரிடம் எஞ்சிய இரண்டு மாத்திரைகளை வாங்கி விழுங்குவது இரவல் சட்டை வாங்கி அணிவது போன்றதன்று.

ஹெட்ரசானைப் பற்றிச் சொல்வதாகக் கூறினோம். யானைக்கால் நோயை ஒழிக்க வீடு வீடாக வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரை அதுவே. அம்மாத்திரை புழுவைக் கொல்லும். வீங்கிய காலை மேலும் வீங்கச் செய்வது பெரும்பாலும் விரலிடுக்கு வெடிப்புகளில் நுழையும் பாக்டீரியாவே. நாள்தோறும் காலைச் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்தால் அக்காய்ச்சல் வருவது பெரிதும் குறையும். சுப்பாராவின் மருந்துகளோடு ஒரு வாளி நல்ல நீரும் அந்த நோயாளிக்கு வேண்டும். குழாயடியில் ஒரு குடத்துக்கு மணிக்கணக்கில் நிற்கும் தெருவில், நீரும் ஒரு மருந்தே என்று அதிகாரிகளுக்கு எழுதுவது நம் சங்கங்களின் பணி.

சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிட்டவில்லை. இந்திய அரசு 1995-இல் அவர் நூற்றாண்டை ஒட்டி அஞ்சல் தலை வெளியிட்டது. அதற்கு நெடுங்காலம் முன்னரே, 1953-இல், ஹெசல்டைன் என்னும் அமெரிக்க அறிஞர் தாம் புதிதாகக் கண்ட ஒரு பூசண இனத்துக்கு அவர் பெயரால் சுப்பாரோமைசிஸ் என்று பெயர் சூட்டினார். அப்பூசணம் வளர்ந்திருந்த இடம், சாக்கடை நீரைத் தூய்மை செய்யும் கற்படுகை.